ஊர்க்கதைகளை என்ன செய்வது?

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிவரும் நாளில் வட திருமுல்லைவாயிலுக்குச் செல்லும் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்லவேண்டியதில்லை. காலையில் மேலூர் திருவுடையம்மன், நண்பகலில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் முல்லைவாயில் கொடியிடையம்மன் என மூன்று சந்நிதிகளையும் ஒரே நாளில் தரிசிப்பது விசேஷம் என்பது தொண்டை நாட்டு ஜனங்களின் நம்பிக்கை. வருஷத்தில் 12 அல்லது 13 பௌர்ணமிகள் வருகின்றன. அவற்றில் ஏழில் ஒரு பங்குதான் வெள்ளியன்று அமையும். ஆகவே சராசரியாகப் பார்த்தால் வருஷத்திற்கு இரண்டு முறைகூட இந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. கிட்டும் நாளில் பாட்டியும் தாயும் பேத்தியுமாகக் குடும்பங்கள் வந்து குவிகின்றன. வரிசை நகரும் வரையில் பாட்டி ஸ்தலத்தின் கதையைச் சொல்லுகிறாள். கதை முடிந்ததும் பேத்தி, "இது நிஜமாகவே நடந்ததா, பாட்டி?" என்று கேட்கிறாள். இந்தக் கேள்விக்கு விடையளிக்கும் பொறுப்பைப் பாட்டியின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, படித்தவர்களாகிய நாம் விலகி நிற்பது முறையாகாது. அதைப்பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பிரதேசத்தைப் போல் கதைகள் செறிந்து கிடக்கும் நிலம் தமிழ்நாட்டில் அதிகம் இராது. காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசி, அவனோடு நேரில் பேசும் பேறு பெற்றவர் என்று வைணவர்கள் போற்றும் திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் தோன்றியவர். மாங்காட்டில் காமாட்சி ஐந்து தீயின் நடுவே ஊசிமுனையில் நின்று தவம் புரிந்தாள் என்பர். திருவேற்காட்டில் நான்கு வேதங்களும் வேலமரங்களாக நின்று ஈசனை வணங்கின என்பர். சக்தி ஸ்தலங்களில் ஐம்பத்தொன்றாவது ஊராகையால் அம்பத்தூருக்கு அப்பெயர் வந்தது என்று சொல்வாரும் உண்டு. ஐம்பத்தொன்றில் 'ஒன்று' எங்கே போயிற்று என்று கேட்டால் அவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள்.

இக்கதைகளைக் கேட்போரில் இரு கட்சியினர் இருக்கிறார்கள். 'முன்னோர் சொன்னது ஒவ்வோர் எழுத்தும் சத்தியம். ஆராய்வதே பாவம்' என்பது ஒரு கட்சி. 'எல்லாம் வெறும் கட்டுக்கதை. கேட்பதே காலவிரயம்' என்பது மற்றொன்று. பார்வைக்கு நேர்மாறாகத் தோன்றும் இவ்விரு கட்சியினரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டு நிற்கின்றனர். இருவருமே கதையை ஆராயும் சிரமத்தை மேற்கொள்வதில்லை. அதனால் விளையும் நஷ்டம் எத்தகையது என்பதைச் சில உதாரணங்களால் காட்டுவோம்.

முதலில் முல்லைவாயிலையே எடுத்துக்கொள்வோம். தொண்டைமான் என்னும் அரசன் ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்களுடன் போர் செய்யச் சென்றான். வழியில் அவன் யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கியது. கொடியை வாளால் வெட்டினான், உதிரம் பெருகியது. உள்ளே சிவலிங்கம் வெட்டுண்டிருக்கக் கண்டு பதறினான். இறைவன் தோன்றி அவனுக்கு அபயமளித்து, நந்தியைப் படைத்துணையாக அனுப்பினான். தொண்டைமான் வென்று, குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்த வெள்ளெருக்குத் தூண்களைச் சந்நிதியில் நிறுத்தினான். இதுவே கதை. இன்றும் அங்கே நந்தி சுவாமியை நோக்காமல் கிழக்கே திரும்பி, போருக்குப் புறப்பட்ட கோலத்தில் அமர்ந்திருக்கிறது. வெட்டுக்காயம் ஆறுவதற்கென லிங்கத்திற்குச் சந்தனக் காப்புச் சாத்தி, சித்திரைச் சதயத்தை ஒட்டி மட்டுமே அதைக் களைகிறார்கள். எருக்கந்தூண்கள் இரண்டையும் அர்ச்சகர்கள் காட்டுகிறார்கள்.

இதில் சரித்திரம் உண்டா? கலோனல் காலின் மெக்கன்ஸி என்ற பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர் 1783-ல் இந்நாட்டிற்கு வந்து, 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாகி, 1821-ல் காலஞ்சென்றார். அவருக்காகக் காவலி போரய்யா, லக்ஷ்மய்யா என்னும் சகோதரர்களும் வேறு பல இந்திய உதவியாளர்களும் ஊர் ஊராகச் சென்று கிழவர்களைக் கேட்டுக் கதைகளை எழுதினார்கள். அக்கையெழுத்துப் பிரதிகளில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. அவற்றிலும் குறும்பர் கதை வருகிறது. தொண்டைமண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிந்திருந்தது என்றும், புழல் குறும்பரின் தலைமைக் கோட்டை என்றும், அவர்களிடையே ஜைன மதம் பரவியிருந்தது என்றும், ஆதொண்டன் என்னும் சோழ இளவரசன் அவர்களை வென்றான் என்றும் அவை கூறுகின்றன. புழல் கோட்டம் என்பது கல்வெட்டுகளில் காணும் பெயர். புழலில் ஆதிநாதருக்கு ஓர் ஆலயம் இன்றும் நிற்கிறது. உதிரம் பெருகிய லிங்கத்திற்குச் சரித்திர ஆசிரியன் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் இந்த ஏரிக்கரைகளில் ஒரு காலத்தில் வேறோர் இனத்தார் ஆட்சி இருந்தது, அதை வீழ்த்தி மற்றோர் ஆட்சி வந்தது என்ற நினைவைக் கதை தன் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தோற்றவர்களின் பெயரைச் சொல்ல அவர்களுடைய சாசனம் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. வென்றவர் கதையின் ஓரத்தில்தான் ஓணனும் வாணனும் உயிரோடிருக்கிறார்கள். 'கட்டுக்கதை' என்று இதைக் குப்பையில் எறிந்தால் அவர்களையும் சேர்த்தே எறிந்தவர்களாவோம்.

அந்தத் தூண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எருக்கு, ஆள் உயரமோ சற்று மேலோ வளரும் செடி. அதிலிருந்து தூண் கிடைக்குமா என்று கேட்பது நாஸ்திகமாகாது. தாவர சாஸ்திரம் தெரிந்தவர் எவரும் கேட்கத்தக்க கேள்வியே அது. கோயிலாரின் சம்மதத்தோடு, தூணுக்குப் பங்கமின்றி, அணுவளவு மரத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் அது எந்த மரம் என்று சொல்லக்கூடிய நிபுணர்கள் இருக்கிறார்கள். எருக்கென்றே தெரியவந்தால் அது ஓர் அதிசயம். வேறு மரமென்று தெரியவந்தால், அதற்கு ஏன் எருக்கென்று பெயர் வந்தது என்பது அதனினும் சுவையான கேள்வி. இரண்டிலும் கொடியிடையம்மனுக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

இனித் திருநின்றவூருக்குச் செல்வோம். பூசலார் என்னும் ஏழை அந்தணர் ஈசனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். பொருள் கிட்டவில்லை. ஆகவே மனத்திலேயே அஸ்திவாரம் இட்டு, கல் அடுக்கி, சிகரம் வைத்து, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் குறித்திருந்தான் பல்லவன். இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூரில் அன்பன் ஒருவன் எடுத்த ஆலயத்திற்கு அன்று செல்லவேண்டியிருப்பதால் உன் விழாவை ஒத்திவை என்றான். அரசன் தேடி வந்தபோது நின்றவூரில் கோயில் ஒன்றையும் காணவில்லை. பூசலாரை மட்டுமே கண்டான். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய இந்த வரலாற்றைக் கேட்டு நெஞ்சு உருகாதவர் இரார்.

இது பக்தர்கள் கற்பனை என்று சொல்லிவிடலாமா? காஞ்சிக் கைலாசநாதர் கோயில் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அதைச் சுற்றி அவன் பொறித்த வடமொழிச் சாசனத்தை டாக்டர் ஹுல்ட்ஷ் 1890-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். முற்காலத்து மன்னர்கள் அசரீரி வாக்கைக் கேட்டது வியப்பன்று, இக்கலியுகத்தில் இவ்வரசன் அதைக் கேட்டானே, அதுவன்றோ வியப்பு என்ற கருத்துடைய ஒரு சுலோகம் அதில் இருக்கிறது. நின்றவூரின் பெயரோ பூசலாரின் பெயரோ அதில் இல்லை. அசரீரி சொன்னது என்ன என்பதும் இல்லை. ஆயினும் அந்தக் கோயிலைக் கட்டிய அரசன் ஒரு தெய்வக் குரலைக் கேட்டான் என்ற பேச்சு அவன் காலத்திலேயே கல்லில் ஏறிவிட்டது என்பது நிச்சயம். சுமார் நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சேக்கிழாரின் பாட்டில் அதே அரசனின் கோயில் என்று அறிஞர் பலர் கருதும் கற்றளியை ஒட்டி ஒரு தெய்வக் குரல் பேசுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஜனங்களின் நாவில்தான் பாலம் இருந்திருக்கவேண்டும் என்று நாம் நினைக்கிறோம்.

சேக்கிழாரும் இந்தப் பக்கத்தவரே. பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூர் அவருடைய ஊர். தம் ஊரைச் சுற்றி வழங்கிய கதைகளை அவர் எவ்வளவு நேர்மையுடன் எழுதினார் என்பதற்குத் திருவேற்காட்டு மூர்க்க நாயனாரே சாட்சி. அந்நாயனார் அடியார்களுக்கு அன்னமிடச் சூதாடிப் பொருள் சேர்த்தவர். தோற்றபின் பணம் தர மறுத்தவர்களைச் சுரிகையால் குத்தியவர். நாயன்மார் வரிசையில் வைத்துப் பூஜிக்கப்படுபவர் சூதாடினார் என்பதை மூடி மறைக்கச் சேக்கிழாருக்குத் தோன்றவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதினார். ஊர்க்கதையை எழுதப் புகும் எவருக்கும் இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

நிற்க. கதைகள் பழங்காலத்தில்தான் பிறந்தன என்று எண்ணவேண்டாம். ஆவடிக்குப் பெயர் வந்த வரலாறாக இன்று படித்தவர்களே சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. இந்தியக் கவசவண்டிப் பண்டசாலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ஆவடி என்று வருகிறதாம், அதுவே ஊர்ப்பெயராயிற்றாம். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே 1961-ல் ஏற்பட்டது. முதல் 'விஜயந்தா' டாங்கி 1965-ல் வெளிவந்தது. ஆனால் 1955 ஜனவரியிலேயே யு. என். தேபர் தலைமையில் ஆவடி காங்கிரஸ் கூடி, சோஷலிஸப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியதும், ஆவடி என்ற பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டதும் யாவரும் அறிந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போதே ராணுவம் அங்கே வந்துவிட்டதே என்று சிலர் வாதிக்கலாம். அப்படியாயின், பட்டாளம் வருவதற்கு முன் அவ்வூரார் தங்கள் ஊரை என்னவென்று அழைத்தார்கள்? பெயரில்லாத ஊரிலா குடியிருந்தார்கள்? ஓர் ஊரின் மூதாதையர் வைத்த பெயரை அவர்களிடமிருந்து பிடுங்கி, அதை ஆங்கில எழுத்துக்களின் கூட்டமாக்கிவிடுவது அற்ப விஷயமன்று. எருக்கந்தூணை நம்பும் பாட்டியைக் கேலி செய்பவர்கள் இந்தக் கதையைச் சிறிதும் கூசாமல் நம்புவதுதான் வேடிக்கை.

சில கதைகளை ஆராயாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து உண்டு. திருவேற்காட்டிற்கு 'விடந்தீண்டாப்பதி' என்று ஒரு பெயர். அங்கே அரவம் தீண்டி இறப்பவர் இல்லை என்பது ஐதிகம். கருமாரியம்மன் புற்றிலிருந்து எழுந்தவள். அந்தப் புற்றை வணங்காமல் பக்தர்கள் திரும்புவதில்லை. வேலங்காடும் புற்றும் சூழ்ந்த நிலத்தில், இருட்டில் வெறுங்காலுடன் நடந்த ஜனங்கள் வாய்விட்டுச் செய்த பிரார்த்தனையின் உருவம் அந்தப் பெயர். அதை நாம் பரிகசிக்கமாட்டோம். ஆனால் அதையே வைத்தியமாகக் கொள்வோரை எச்சரிக்காமலும் இருக்கமாட்டோம்.

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர். நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அத்தகைய கடிக்கு மந்திரித்துப் பிழைத்தவர் ஊரெங்கும் சாட்சி சொல்லுகிறார். இறந்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் மாற்றாக அமைந்த ஊசிமருந்தே இதற்குப் பரிகாரம். அம்மருந்திற்கு வேண்டிய விஷத்தை 1978-ல் ஏற்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளைக் கொல்லாமலே எடுத்துத் தருகிறது. கடித்த இடத்தைக் கீறுவதும், கயிற்றால் இறுக்குவதும், வாயால் உறிஞ்சுவதும் கெடுதி. அவயவத்தை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு விரைவதே செய்யவேண்டியது. அம்மனை வேண்டிக்கொள்பவர் வழிநெடுக வேண்டிக்கொண்டே போகட்டும்.

வதந்திக்கும் கதைக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். 1995 செப்டம்பர் 21-ந்தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி டில்லியில் கிளம்பி, அன்று பொழுது சாய்வதற்குள் கடல் கடந்து லண்டன் கோயில்கள் வரை பரவியது. திரவத்தின் மேற்பரப்பு இழுவிசையால் கரண்டிப் பால் கல்லில் ஒட்டி வழிவதே காரணம் என்று விஞ்ஞானிகள் சாயம் கலந்த பாலைக்கொண்டு அப்போதே விளக்கினார்கள். அன்று தொலைபேசியே போதுமானதாயிருந்தது. இன்றோ ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு தபாலாபீஸ் இருக்கிறது. உண்மையான ஊர்க்கதை பல தலைமுறைகளின் வாயில் புடம் போடப்பட்டு, அந்த மண்ணின் மணத்தோடு வருவது. கைப்பேசியில் வரும் வதந்திக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை. முன்னது மறைந்து பின்னது பெருகிவருவதே நமது கவலை.

மறைவதற்குக் காரணமும் கண்கூடு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019-ல் தானே ஒரு மாநகராட்சியாயிற்று. வயல்கள் மனைகளாயின. பல மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புக்காக வந்தவர்கள் அங்கே குடியேறியிருக்கிறார்கள். அவர்களுடைய வரவால் ஊர் வளர்ந்தது. அதைக் குறைகூறுவது பேதைமை. ஆனால் அவர்கள் பிள்ளைகளுக்கு இந்த மண்ணின் கதையைச் சொல்வார் யார்? எல். ஆர். ஈஸ்வரியின் குரலில் ஆடி மாதந்தோறும் ஒலிபெருக்கிகள் அம்மன் பாட்டுகளை முழக்குகின்றன. அம்மன் சினிமாக்களும் வந்தன. அவை பக்தியைப் பரப்பின என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பாட்டிலும் படத்திலும் வந்த ஒரே கதை எங்கும் நிலைத்துவிட, தெருவுக்குத் தெரு மாறி வழங்கிய பத்துக் கதைகள் பேச்சற்றுப்போகின்றன.

ஆகவே நாம் செய்யும் யோசனை இது. இப்பிரதேசத்தின் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் ஊர்க்கதைக் குறிப்பேடு ஒன்று வைக்கவேண்டும். மாணவர்கள் தங்கள் வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியோரை அணுகி, அவர்கள் சம்மதத்துடன், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவரட்டும். ஏரி காத்த தெய்வம், எல்லைக்கல், இடிந்த மண்டபம் முதலிய எதையும் விடவேண்டாம். ஒரே கதையை இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதவேண்டும். ஆசிரியர் அதைத் 'திருத்தி' ஒன்றாக்கக்கூடாது. மெக்கன்ஸியின் ஆட்களிடம் ஓலையும் இறகுப்பேனாவுமே இருந்தன. நம் சிறுவர்களிடம் குரலையே பிடித்து வைக்கும் கருவி இருக்கிறது. அடுத்தபடியாக, முக்கியமான ஸ்தலங்களில் நகராட்சிகள் ஒரு பலகை வைக்கட்டும். ஊரார் சொல்வது இது, கல்லும் ஏடும் சொல்வது இது, இன்னும் தெளியாதது இது என்று மூன்று பகுதியாக அதில் எழுதட்டும். செலவு சொற்பம். சர்க்காரின் உத்தரவுக்குக் காத்திராமல் ஊர்ப் பெரியவர்களும் நூலகங்களுமே இதைத் தொடங்கலாம்.

இருநூறு வருஷங்களுக்கு முன் அன்னிய உத்தியோகஸ்தர் ஒருவர் சம்பளம் கொடுத்து நம் கிழவர்களின் பேச்சை எழுதிவைத்தார். அவர் எழுதிவைத்ததால் குறும்பரைப் பற்றி நாம் இன்று பேசமுடிகிறது. நமக்குப் பின் வருபவர்கள் நம்மைப் பற்றியும் நம் பாட்டிகளைப் பற்றியும் பேசுவதற்கு நாம் எதை எழுதிவைக்கப்போகிறோம்? அடுத்த பௌர்ணமி வெள்ளியில் முல்லைவாயில் வரிசையில் நிற்கும் பேத்தி தன் கேள்வியை மறுபடியும் கேட்பாள். 'நடந்ததா' என்பதற்கு விடை தெரிந்தவரை சொல்லலாம். முன்னதாக அந்தக் கிழவியின் வாயிலிருக்கும் கதையை இந்த வருஷமே எழுதிக்கொள்ளவேண்டும். கதை காத்திருக்கும்; கிழவி எவ்வளவு காலம் காத்திருப்பாள்?